ராமேஸ்வரத்து மழை மணமேல்குடியில் ஏன் பெய்கிறது?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார், இவர் கல்லூரியில் கணினி படிக்கிறார். அமெரிக்க அரசு இலவசமாகத் தரும் வானிலைத் தரவை இறக்கி, பைத்தான் நிரலில் நிறம் கொடுத்து, லீஃப்லெட் என்ற வலை வரைபட நூலகம் காட்டும் வரைபடத்தின் மேல் ஒரு படமாக ஒட்டிப் பார்த்திருக்கிறார். நிலநடுக்கோட்டிலிருந்து 40 டிகிரி வடக்கு வரை, இந்தியா முழுவதற்கும் ஒரே படம். "நிறம் அழகாக வருகிறது. ஆனால் எண்ணில் ராமேஸ்வரத்துக்கு இருக்கிற மழை, வரைபடத்தில் மணமேல்குடிப் பக்கம் தெரிகிறது. டைலாக வெட்டினால் சரியாகிவிடுமா? எத்தனை ஜூம் வரை வெட்ட வேண்டும்? அப்பாவும் மற்றவர்களும் கடலுக்குப் போகும் முன் செல்போனில் பார்க்கிற மாதிரி வேண்டும்" என்பது கேள்வி.

டைல் என்பது வரைபடத்தை வெட்டி வைக்கும் சின்னச் சதுரப் படம், ஜூம் என்பது எவ்வளவு பெரிதாக்கிப் பார்க்கிறோம் என்ற படி. டைலாக வெட்டினால் சரியாகாது தம்பி. கோணலாகத் தைத்த சட்டையை எத்தனை துண்டாக வெட்டினாலும் கோணல் போகாது. கோளாறு அதற்கு முந்தைய படியில் இருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம், டைல் அப்புறம்.

நீங்கள் இறக்கியது ஜிஎஃப்எஸ் என்கிற உலகளாவிய முன்கணிப்பு மாதிரியின் தரவு. அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா ஒரு நாளைக்கு நான்கு முறை ஓட்டி வெளியிடுகிறது. அதன் கிரிட், அதாவது புள்ளிகளின் கட்ட அமைப்பு, கால் டிகிரிக்கு ஒரு புள்ளி என்று சமமாக அடுக்கப்பட்டது. கிழக்கு மேற்காக 1440, வடக்கு தெற்காக 721 புள்ளிகள். எல்லா வரிசைக்கும் நடுவே ஒரே இடைவெளி. வலை வரைபடங்கள் அப்படியில்லை. அவை வெப் மெர்கேட்டர் என்ற முறையில் வரையப்பட்டவை, துருவத்தை நோக்கிப் போகப் போக ஒரு டிகிரியின் உயரம் நீண்டுகொண்டே போகும். லீஃப்லெட்டிடம் ஒரு படத்தைக் கொடுத்து "இதை 0 முதல் 40 டிகிரி வரை ஒட்டு" என்றால், அது மூலைகளில் மட்டும் ஆணி அடித்துவிட்டு நடுப்பகுதியைச் சமமாக இழுத்துவிடும். மூலைகள் சரியாக இருக்கும், நடுவில் எல்லாம் தள்ளிப்போகும்.

எவ்வளவு தள்ளிப்போகும் என்று கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ராமேஸ்வரம் 9.29 டிகிரி வடக்கு. உங்கள் படத்தில் அது அடியிலிருந்து 23 சதவீத உயரத்தில் இருக்கிறது. மெர்கேட்டரில் அதே 23 சதவீத உயரத்தில் இருப்பது 10.1 டிகிரி. வித்தியாசம் 0.8 டிகிரி, தரையில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வடக்கே. அங்கே இருப்பது மணமேல்குடிதான். உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

இதே படத்தை 5 முதல் 13 டிகிரி வரை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தால் நடுவில் பிழை இரண்டரை கிலோமீட்டர்தான் வந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. இந்தக் கோளாறோடு பல வரைபடங்கள் நிம்மதியாக ஓடிக்கொண்டிருப்பதற்கு அதுதான் காரணம்.

இதற்கு மருந்து, நிலப்படத் தரவைக் கையாளும் ஜிடால் மென்பொருளில் உள்ள ஜிடால்வார்ப் கட்டளை. தரவை இபிஎஸ்ஜி 4326-இலிருந்து (சம டிகிரிக் கிரிட்) இபிஎஸ்ஜி 3857-க்கு (வெப் மெர்கேட்டர்) மாற்றச் சொன்னால், ஒவ்வொரு பிக்சலும் எந்த அட்சரேகையில் விழுகிறது என்று கணக்கிட்டு மதிப்பை எடுத்து வைக்கும். படத்தை இழுப்பதும் இதுவும் ஒன்றல்ல.

அதோடு இன்னொரு பிழையும் உங்களிடம் இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். கிரிட் புள்ளி என்பது ஒரு கட்டத்தின் மையம், மூலை அல்ல. 76 முதல் 84 டிகிரி கிழக்கு வரை புள்ளிகள் எடுத்தால், படத்தின் ஓரங்கள் 75.875, 84.125 என்று இருக்க வேண்டும். 76, 84 என்றே கொடுத்துவிட்டால் ஓரத்துக் கட்டங்கள் 0.125 டிகிரி, அதாவது சுமார் 14 கிலோமீட்டர் உள்ளே இடிந்துகொள்ளும். தில்லிக்குப் படம் போடுகிறவருக்கு 14 கிலோமீட்டர் ஒரு பொருட்டில்லை. நமக்கு அது கிட்டத்தட்ட பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரம். வானிலைத் தரவு வரும் வடிவமான கிரிப் ஃபைலை ஜிடால் நேரடியாகத் திறந்தால் இந்த அரைக் கட்டத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பைத்தானில் எண்களின் அணியாக எடுத்துக் கையால் படமாக்கும்போதுதான் தவறு நுழைகிறது.

சரி, இடம் சரியாகிவிட்டது. அடுத்தது நான் அடித்துச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம்: எண்ணை முதலில் நகர்த்துங்கள், நிறத்தைக் கடைசியில் பூசுங்கள். நீங்கள் நிறம் கொடுத்த படத்தைத்தான் இழுத்திருக்கிறீர்கள். பச்சை என்றால் லேசான மழை, சிவப்பு என்றால் கனமழை என்று வைத்திருந்தால், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே வரும் பிக்சலை மென்பொருள் கலந்து ஒரு சேற்று நிறமாக்கிவிடும். அந்த நிறம் உங்கள் விளக்கப் பட்டையில் கிடையாது, அதற்குப் பொருளும் கிடையாது. எண்ணை இடைக்கணித்திருந்தால், அதாவது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணக்கிட்டிருந்தால், 5 மில்லிமீட்டருக்கும் 40 மில்லிமீட்டருக்கும் நடுவே 22 வந்திருக்கும், அதற்குரிய மஞ்சளைப் பூசியிருக்கலாம். ஆகவே வரிசை இது: கிரிப் ஃபைலிலிருந்து எண், எண்ணை மெர்கேட்டருக்கு மாற்றுதல், தேவையான அளவுக்குப் பெரிதாக்குதல், அதன் பிறகு நிறம், எல்லாம் முடிந்த பின் வெட்டுதல்.

காற்றுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். தரவில் காற்று வேகம், திசை என்று வராது. யு, வி என்று இரண்டு கூறுகளாக வரும். யு என்பது கிழக்கு நோக்கிப் போகும் வேகம், வி என்பது வடக்கு நோக்கிப் போகும் வேகம், இரண்டும் வினாடிக்கு மீட்டரில். இடைக்கணிப்பை இந்த இரண்டின் மேல்தான் செய்ய வேண்டும். திசையாக மாற்றிவிட்டுச் செய்தால் 350 டிகிரிக்கும் 10 டிகிரிக்கும் சராசரி 180 என்று வந்து வாடைக்காற்று தென்காற்றாகிவிடும். திசை சொல்லும் முறையிலும் ஒரு குழப்பம் உண்டு. யு, வி இரண்டும் காற்று எங்கே போகிறது என்று சொல்கின்றன. வானிலைக்காரர்கள் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்வார்கள். நம் கடற்கரையிலும் அப்படித்தான். வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து வருவது, கச்சான் மேற்கிலிருந்து வருவது. ஆகவே வாடை வீசும் நாளில் வி எதிர்மறையாக இருக்க வேண்டும், கச்சான் வீசும் நாளில் யு நேர்மறையாக இருக்க வேண்டும். மார்கழியில் ஒரு நாள் தரவை எடுத்துப் பாருங்கள். அம்புக்குறி இலங்கைப் பக்கமிருந்து வடக்கே ஓடினால் குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிறத்தை எங்கே மாற்றுவது என்பதில் நூலகங்கள் தரும் வானவில்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த எண்ணில் முடிவு மாறுகிறதோ அந்த எண்ணில் நிறம் மாற வேண்டும். மீனவர்களுக்கான எச்சரிக்கை "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில்" என்று வருவதை ஊரில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். 45 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 12.5 மீட்டர். அங்கே ஒரு தெளிவான நிற மாற்றம் வையுங்கள். மணிக்கு 58 கிலோமீட்டரிலும் ஒன்று வைக்கலாம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று அந்த வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வைப்பது வழக்கமாக இருந்தது, அதனால் ஊர்க்காரர்களுக்கு அந்த எண் சட்டென்று புரியும். ஒரு எச்சரிக்கை: 10 மீட்டர் உயரக் காற்று என்று தரவில் இருப்பது சீரான வேகம். "இடையிடையே" என்று சொல்லப்படும் வீச்சு தனி மாறியாக வரும். ஒன்றை மற்றதன் பட்டையில் காட்டிவிடாதீர்கள். நிறங்களைச் செல்போனை வெயிலில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த மெல்லிய நீலங்கள் கரையில் நின்று பார்த்தால் வெறும் வெள்ளைதான்.

இப்போது டைல். வெப் மெர்கேட்டர் உலகத்தை ஒரு சதுரமாக்குகிறது. ஜூம் 0-இல் அது 256 பிக்சல் சதுரமான ஒரே டைல். ஒவ்வொரு ஜூமுக்கும் ஒரு டைல் நான்காகும். ஜூம் 6-இல் பக்கத்துக்கு 64. டைலின் முகவரி மூன்று எண்கள்: ஜூம், இடமிருந்து எத்தனாவது, மேலிருந்து எத்தனாவது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். ராமேஸ்வரம் ஜூம் 6-இல் 46, 30 என்ற டைலில் விழுகிறது. அந்த ஒரு டைலில் 78.75 முதல் 84.375 டிகிரி கிழக்கு வரை, 5.6 முதல் 11.2 டிகிரி வடக்கு வரை அடங்கும். இலங்கை முழுக்க உள்ளே வந்துவிடும், நாகப்பட்டினம் வரும், கீழக்கரை மயிரிழையில் உள்ளே வரும். ஏர்வாடி வெளியே போய் பக்கத்து டைலில் விழும். உங்கள் டைல்கள் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவே நிறத்தில் ஒரு வெட்டு தெரிந்தால், டைல்களைத் தனித்தனியாக இடைக்கணித்திருக்கிறீர்கள். முழுப் பரப்பையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டுப் பிறகு வெட்டினால் அந்தத் தையல் தெரியாது.

டைல் வெட்டும் ஜிடால்2டைல்ஸ் நிரலைப் பயன்படுத்தினால், அது பழைய வழக்கப்படி கீழிருந்து மேலே எண்ணும். லீஃப்லெட் மேலிருந்து கீழே எண்ணும். நிரலை ஓட்டும்போது எக்ஸ்ஒய்இசட் என்ற விருப்பத்தைச் சேர்க்க மறந்தால் 30 என்பது 33 ஆகி, ராமேஸ்வரத்து மழை நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பெய்யும். மணமேல்குடியே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

எத்தனை ஜூம் என்ற கேள்விக்குத் தரவே பதில் சொல்கிறது. கால் டிகிரி என்பது நம் பக்கம் 27 கிலோமீட்டர் சொச்சம். ஜூம் 3-இல் ஒரு கட்டத்துக்கு ஒன்றரை பிக்சல் இருக்கிறது. ஜூம் 6-இல் 11 பிக்சல். ஜூம் 10-இல் ஒரே கட்டத்தின் மேல் 180 பிக்சல். தரவில் இல்லாத எதையும் அந்த 180 பிக்சல் சொல்லப் போவதில்லை, ஆனால் சொல்வது போலத் தோன்றும். 76 முதல் 84 கிழக்கு, 5 முதல் 13 வடக்கு என்ற பெட்டிக்கு ஜூம் 6 வரை வெட்டினால் மொத்தம் 15 டைல். ஜூம் 10 வரை போனால் 765. ஐந்து நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக 41 நேரப் படிகள், நாளுக்கு நான்கு ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் முதலாவது 2,460 ஃபைல், இரண்டாவது 1,25,460 ஃபைல். விஷயம் இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே ஜூம் 6-ஓடு நிறுத்துங்கள். லீஃப்லெட்டில் மேக்ஸ் நேட்டிவ் ஜூம் என்ற அமைப்பில் 6 என்று கொடுத்தால், அதற்கு மேல் பெரிதாக்கும்போது அதே டைலை அதுவே இழுத்துக் காட்டும். ஜூம் 9-க்கு மேல் வண்ணத்தை மறைத்துவிடுங்கள் என்று நான் சொல்வேன். ஆள் தன் தெருவில் மழை பெய்யுமா என்று பெரிதாக்கிப் பார்க்கிறார், அந்தக் கேள்விக்கு இந்தத் தரவில் பதில் இல்லை.

இது வெறும் நேர்த்திப் பிரச்சினை அல்ல. மண்டபத்துக்காரர்களுக்குத் தென்கடல் வேறு, வடகடல் வேறு. கச்சானும் சோழகமும் ஓங்கி வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாவில் படகு வைக்க முடியாது, பாக் நீரிணைப் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் அது தலைகீழ். இரண்டுக்கும் நடுவே இருக்கும் நிலம் சில இடங்களில் நடந்தே கடக்கிற அகலம். 27 கிலோமீட்டர்க் கட்டத்துக்கு அந்த நிலம் கண்ணில் படவே படாது. ஒரு கட்டத்தின் மையம் தென்கடலில், அடுத்ததன் மையம் வடகடலில், நடுவில் நீங்கள் பூசும் வழவழப்பான நிறமாற்றம் கணிதத்தின் கற்பனை. ஜிஎஃப்எஸ் தரவிலேயே எந்தக் கட்டத்தை நிலம், எதைக் கடல் என்று மாதிரி எடுத்துக்கொண்டது என்று ஒரு அடுக்கு இருக்கிறது. அதை இறக்கிப் பாம்பன் தீவைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். நிலம் என்று எடுத்துக்கொண்ட கட்டத்தில் காற்று உராய்வால் குறைந்திருக்கும், அதைக் கடலின் மேல் இழுத்துக் காட்டினால் கரையோரம் பொய்யான அமைதி தெரியும். கடலோரப் படத்தில் நான் அஞ்சுவது இந்தப் பிழையைத்தான். கூடுதலாகக் காட்டினால் ஒருவர் வீட்டில் இருப்பார், குறைவாகக் காட்டினால் கடலுக்குப் போய்விடுவார்.

மழையிலும் இதே கதைதான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அது தீவைச் சுற்றிக் குவிந்த மேகக் கூட்டம். 27 கிலோமீட்டர்க் கட்டத்தின் சராசரியில் அப்படி ஒரு மழையை எதிர்பார்க்க முடியாது. மழை அடுக்கில் "பரவலாக மழைக்கு வாய்ப்பு" என்ற அளவுக்கு மேல் நம்பிக்கை வைக்காதீர்கள்.

மழை எண்ணிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ஜிஎஃப்எஸ் மழையை ஆறு மணி நேர வாளிகளில் சேர்த்து வைக்கும். 5-ஆம் மணி ஃபைலில் இருப்பது 0 முதல் 5 வரையான மொத்தம், 6-இல் 0 முதல் 6 வரை, 7-இல் வாளி காலியாகி 6 முதல் 7 வரை மட்டும். அப்படியே படமாக்கி ஓடவிட்டால் மழை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊதி வெடிக்கிற மாதிரி தெரியும். ஒரே வாளிக்குள் அடுத்தடுத்த மணிகளைக் கழித்துத்தான் மணிக்கு எவ்வளவு என்று எடுக்க வேண்டும். ஐரோப்பிய நடுத்தரக் கால முன்கணிப்பு மையத்தின் திறந்த தரவில் வாளியே காலியாகாது, தொடக்கத்திலிருந்து சேர்ந்துகொண்டே போகும். அந்தத் தரவும் இலவசம்தான், கால் டிகிரி கிரிட்தான். ஆனால் பெயர் குறிப்பிட்டாக வேண்டும் என்ற உரிமத்தோடு வருகிறது, வரைபடத்தின் மூலையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். வெப்பநிலையையும் சேர்ப்பதாக இருந்தால், ஜிடால் கெல்வினைத் தானாகவே செல்சியஸ் ஆக்கித் தரும், பைத்தான் நூலகங்கள் கெல்வினாகவே தரும். தெரியாமல் 273-ஐ இரண்டு முறை கழித்து ராமநாதபுரத்தைப் பனிப்பாலைவனமாக்கியவர்கள் உண்டு.

இறக்கும்போது முழு ஃபைலை இறக்காதீர்கள். ஒரு நேரப் படிக்கே அது 500 எம்பி அளவில் இருக்கும். நோவாவின் நோமட்ஸ் சர்வரில் வடிகட்டிப் பக்கம் உண்டு. எந்த மாறி, எந்த உயரம், எந்தப் பெட்டி என்று குறித்தால் அதை மட்டும் வெட்டிச் சில கிலோபைட்டில் தரும். அதைச் சுழலில் போட்டு மூச்சுவிடாமல் தட்டினால் தடுத்துவிடுவார்கள், நடுவில் இடைவெளி விடுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் கேள்வியையே கொஞ்சம் திருப்பப் போகிறேன். உங்களுக்கு டைல் வேண்டுமா? மேலே நான் கணக்குக்கு எடுத்த பெட்டியில் இருப்பது 33-க்கு 33, மொத்தம் 1,089 புள்ளிகள். காற்றின் யு, வி இரண்டையும் ஆளுக்கு ஒரு பைட்டில் அடைத்தால் ஒரு நேரப் படி 2,178 பைட். வினாடிக்கு மைனஸ் 40 முதல் பிளஸ் 40 மீட்டர் வரை 255 படிகளாகப் பிரித்தால் துல்லியம் 0.3 மீட்டர், மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். நம் வேலைக்கு அது ஏராளம். 41 நேரப் படிகளும் சேர்ந்து 90 கேபிக்குள் அடங்கும். ஒரு செல்ஃபியின் அளவுகூட இல்லை. இதைச் செல்போன் ஒரே முறை இறக்கி வைத்துக்கொண்டு, இடைக்கணிப்பு, மெர்கேட்டர், நிறம் மூன்றையும் பிரவுசரிலேயே கேன்வாஸ் என்ற வரைபலகையில் செய்யட்டும். டைல் என்ற முறை, மொத்தத்தையும் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிய பரப்பிலிருந்து பார்ப்பவருக்கு வேண்டிய துண்டை மட்டும் அனுப்புவதற்காக வந்தது. உங்களிடம் மொத்தமே ஒரு துண்டுதான். கரையை விட்டுச் சில மைல் தாண்டினால் சிக்னல் போய்விடும் ஆட்களுக்கு, ஒவ்வொரு முறை விரலால் இழுக்கும்போதும் சர்வரைக் கேட்கிற டைல் எதற்கு? கையில் 90 கேபி இருந்தால் நடுக்கடலிலும் படம் வரும்.

டைல்தான் வேண்டும் என்ற நாளும் வரலாம். நாடு முழுவதற்கும் காட்ட நினைத்தால், அல்லது செயற்கைக்கோள் மழை, கடல் மேற்பரப்பு வெப்பம் போன்ற நெருக்கமான தரவைச் சேர்த்தால் வேண்டும். அப்போதும் நிறம் பூசிய டைலைவிட எண்ணைச் சுமக்கும் டைல் நல்லது. பிஎன்ஜி படத்தின் சிவப்பில் யு, பச்சையில் வி என்று எண்ணை ஒளித்து அனுப்பி, பிரவுசரில் நிறமாக்க வேண்டும். நிறப் பட்டையை மாற்ற நினைத்தால் எதையும் மறுபடி வெட்ட வேண்டாம், விரல் வைத்த இடத்தில் வேகத்தையும் சொல்லலாம். இப்படிச் செய்யும்போது ஜேபெக் பக்கமே போகாதீர்கள், அது இடம் மிச்சம் பிடிக்க எண்ணைத் திருத்திவிடும். ஒளிபுகும் தன்மையையும் தொடாதீர்கள், சில பிரவுசர்கள் அதை நிறத்தோடு பெருக்கிவிடுவதால் எண் மாறும். ஆயிரக்கணக்கான ஃபைலைப் பராமரிக்கத் தலைவலியாக இருந்தால் பிஎம்டைல்ஸ் என்ற வடிவம் இருக்கிறது. எல்லா டைலும் ஒரே ஃபைலில் இருக்கும், பிரவுசர் தனக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும், தனியாக டைல் சர்வர் வேண்டாம்.

நேரம் பற்றி நான் சூடுபட்டுக் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். தரவில் எல்லா நேரமும் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். முதன்முதலில் செய்தபோது அதை மாற்றாமல் அப்படியே எழுதி, தொண்டியில் இருக்கும் என் மாமாவிடம் காட்டினேன். இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மருமகனே, நீ ஆறு மணின்னு போட்ட காத்து பதினொன்றரைக்கு வருது. காத்து வருது, அதுல குறையில்ல. உன் கடிகாரத்தப் பாரு." ஐந்தரை மணி நேரம். அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் இந்திய நேரத்தையும் கிழமையையும் எழுத்தில் போடுகிறேன், எந்த ஓட்டத்திலிருந்து வந்தது என்பதையும் அடியில் சின்னதாகப் போடுகிறேன். யுடிசி 12 மணி ஓட்டம் நமக்கு மாலை ஐந்தரை. ஆனால் தரவு வெளிவரத் தொடங்கவே மூன்றரை மணி நேரம் ஆகும், ஐந்து நாள் வரைக்கும் வந்து சேர இரவு பத்தை நெருங்கிவிடும். எட்டு மணிக்குப் பார்க்கிறவர் பழைய ஓட்டத்தைத்தான் பார்க்கிறார், அது அவருக்குத் தெரிய வேண்டும். ஃபைல் பெயரில் ஓட்ட நேரத்தைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் செல்போன் நேற்றுச் சேமித்து வைத்த படத்தையே இன்றைய தேதியின் கீழே காட்டும்.

அடித்தள வரைபடத்துக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் டைல்களை மொத்தமாக இறக்கிச் சேமிக்காதீர்கள், அவர்கள் விதி அதை அனுமதிப்பதில்லை. கடற்கரைக் கோடும் பத்து ஊர்ப் பெயரும் போதும். கச்சத்தீவுப் பக்கம் கடல் எல்லைக் கோட்டைப் போடலாமா என்று கட்டாயம் யோசிப்பீர்கள். 1974, 1976 ஒப்பந்தங்களில் அதன் புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் வலையில் கிடைக்கும் எல்லை ஃபைல்களில் பல, உலக அளவில் பார்ப்பதற்காக மழுக்கப்பட்டவை. வானிலைப் படத்தில் தப்பாக விழுந்த கோட்டை நம்பி ஒருவர் படகைத் திருப்பினால் என்ன ஆகும் என்று உங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் போட மாட்டேன்.

அலை உயரத்தையும் இந்த மாதிரியிலிருந்து வடகடலுக்குக் காட்ட வேண்டாம். ஆழம் குறைந்த, மூன்று பக்கம் அடைத்த நீருக்கு இந்தக் கிரிட் பெரிது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கடல்நிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது, அதற்கு ஒரு இணைப்புக் கொடுங்கள். வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை விடுத்து மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பதை நிறுத்திய நாளில், உங்கள் படத்தில் நிறம் என்னவாக இருந்தாலும் அதன் மேல் அந்த அறிவிப்பு தெரிய வேண்டும்.

படம் தயாரானதும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். பாம்பனிலேயே வானிலை ஆய்வு மையத்தின் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. காலை எட்டரை மணிக்கு அங்கே அளந்த காற்றை, அதே நேரத்துக்கு உங்கள் படம் சொன்ன காற்றோடு பத்து நாள் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். மூன்றாவது பத்தி ஒன்று போட்டு, படத்தைக் காட்டாமல் அப்பாவிடம் "இன்றைக்கு என்ன காற்று, எவ்வளவு?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். மூன்று பத்தியும் எந்தெந்த நாளில் பிரிகின்றன என்று பார்த்து, அந்த நோட்டோடு வாருங்கள்.